நிலாவின் வரைபடத்தை இணையத்தில் ஏற்றுவது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2019 செப்டம்பரில் சந்திரயான்-2-இன் விக்ரம் தரையிறங்கு கலம் நிலாவில் மோதியது. அது விழுந்த பகுதியை நிலாவைச் சுற்றிவரும் நாசாவின் எல்ஆர்ஓ விண்கலம் அதே மாதம் 17-ஆம் தேதி படமெடுத்தது. அந்தப் படங்களை ஒட்டிச் செய்த பெரிய மொசைக் 26-ஆம் தேதி எல்லோருக்கும் கிடைக்கும்படி வெளியானது. சென்னையைச் சேர்ந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் இரண்டு மடிக்கணினிகளில் பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்து, முன்பு இல்லாத ஒரு வெளிர்ப் புள்ளி இருப்பதைக் கண்டு எழுதி அனுப்பினார். ஒரே ஒரு பிக்சல். தரையில் அது 1.3 மீட்டர். கேமராக் குழு சரிபார்த்தபின் டிசம்பர் 2 அன்று நாசா அதை அறிவித்தது. முக்கிய மோதல் இடத்திலிருந்து வடமேற்கே சுமார் 750 மீட்டர் தள்ளிக் கிடந்த சிதறல் அது.

அவருடைய பொறுமை பெரிது. அதோடு, அந்தப் படம் எப்படி வெளியிடப்பட்டது என்பதும் முக்கியம். முழு அளவில் இறக்கிக்கொள்ள முடிந்தது. எந்த இடம் என்று ஆயத்தொலைவு இருந்தது. ஒரு பிக்சல் எத்தனை மீட்டர் என்று தெரிந்தது. ஒப்பிட அதே இடத்தின் பழைய படமும் கிடைத்தது. இதில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்தப் புள்ளியை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. நாம் சின்னதாக ஒரு நிலா வரைபடம் போட்டாலும் இதே ஒழுங்கோடு போடலாம். பணம் செலவாகாது. சாதாரண மடிக்கணினியும் ஓரளவு இணைய வேகமும் போதும்.

எந்தப் படத்தில் தொடங்குவது

புதிதாக வருபவர்கள் எடுத்த எடுப்பிலேயே மிகப் பெரிய படத்தை இறக்குவார்கள். எல்ஆர்ஓ-வின் அகலக் கோணக் கேமரா தந்த உலகளாவிய மொசைக்கில் ஒரு பிக்சல் 100 மீட்டர். அகலம் 109164 பிக்சல், உயரம் 54582. கிட்டத்தட்ட 600 கோடிப் புள்ளிகள். இதை நாளைக்குப் பார்க்கலாம். இன்று வேண்டாம்.

நாசா கோடார்டு மையத்தின் அறிவியல் காட்சிப்படுத்தல் கூடம் 2019-இல் 'சிஜிஐ மூன் கிட்' என்ற தொகுப்பை வெளியிட்டது. அதில் நிலாவின் வண்ணப் படமும் உயரத் தரவும் பல அளவுகளில் இருக்கின்றன. 8192-க்கு 4096 பிக்சல் அளவுள்ள வண்ண டிஃப் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் இந்த அளவு என்பது, படத்தை டைல் எனப்படும் சிறு துண்டுகளாக வெட்டும்போது புரியும். நிலாவின் சுற்றளவு சுமார் 10916 கி.மீ. அதை 8192-ஆல் வகுத்தால் நிலநடுக்கோட்டில் ஒரு பிக்சல் 1.33 கி.மீ. இந்த எண்ணை எழுதி வையுங்கள், கடைசியில் வரைபடத்தின் கீழே போட வேண்டும்.

மென்பொருள் மூன்று: கோப்புகளைக் கையாள ஜிடால், கண்ணால் பார்த்துச் சரிபார்க்க கியூஜிஐஎஸ், உலாவியில் காட்ட லீஃப்லெட். மூன்றும் இலவசம், திறந்த மூலம்.

படத்துக்கு முகவரி கொடுப்பது

இறக்கிய கோப்பு இப்போது வெறும் படம்தான். எந்தப் புள்ளி எந்த இடம் என்று அதற்குத் தெரியாது. இந்த வகைப் படத்தில் தீர்க்கரேகையும் அட்சரேகையும் நேர்கோடுகளாகச் சம இடைவெளியில் ஓடுவதால் கணக்கு எளிது. ஜிடாலின் டிரான்ஸ்லேட் கட்டளையில், படத்தின் மேல் இடது மூலை −180, 90 என்றும், கீழ் வலது மூலை 180, −90 என்றும் குறித்தால் போதும்.

சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க ஒரு சோதனை. நிலாவின் வடமேற்கில் சி. வி. ராமன் பெயரில் ஒரு சிறு பள்ளம் இருக்கிறது. சர்வதேச வானியல் ஒன்றியம் ஏற்ற பெயர் 'ராமன்'. இடம் 27.0 பாகை வடக்கு, 55.1 பாகை மேற்கு. விட்டம் சுமார் 10 கி.மீ. படத்தில் அது எங்கே வர வேண்டும்? மேற்கு என்றால் கழித்தல் குறி. −55.1-உடன் 180-ஐக் கூட்டினால் 124.9, அதை 360-ஆல் வகுத்து 8192-ஆல் பெருக்கினால் இடமிருந்து 2842-வது பிக்சல். 90-இலிருந்து 27-ஐக் கழித்து, 180-ஆல் வகுத்து, 4096-ஆல் பெருக்கினால் மேலிருந்து 1434. சின்னப் பள்ளம், எட்டுப் பிக்சல் அகலம்கூட வராது என்று தோன்றும். நேரடியாகத் தேடினால் கண்ணுக்குச் சிக்காது. அதனால் முதலில் பக்கத்து ஊரைப் பிடியுங்கள். அரிஸ்டார்கஸ் என்ற 40 கி.மீ. பள்ளம் நிலாவிலேயே மிகப் பளிச்சென்ற இடங்களில் ஒன்று. அது 3017, 1509 அருகில் வெள்ளையாக மின்னும். அங்கிருந்து 175 பிக்சல் இடப்பக்கம், 75 பிக்சல் மேலே போனால் ராமன். கியூஜிஐஎஸ்-இல் சுட்டியை அங்கே வைத்தால், கீழே தெரியும் ஆயத்தொலைவு −55, 27 அருகில் இருக்க வேண்டும். இருந்தால் முகவரி சரி.

வேறு மூலத்திலிருந்து படம் எடுத்தால் ஒரு சிக்கல் வரும். சில வரைபடங்கள் −180 முதல் 180 வரை எண்ணும். சில 0 முதல் 360 வரை. இரண்டாவது வகையைத் தெரியாமல் முதல் வகையாகப் பதிவு செய்தால் எல்லாப் பெயர்களும் நிலாவின் மறுபக்கத்துக்குப் போய்விடும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி: நம் வீட்டுப் பெரியவர்கள் பாட்டி வடை சுடுகிறாள், முயல் இருக்கிறது என்று காட்டும் கருந்திட்டுகள் படத்தின் நடுவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். நடுவில் இல்லாமல் இரண்டு ஓரங்களுக்கும் பிரிந்து கிடந்தால், அது 0 முதல் 360 வரை எண்ணும் படம்.

டைல் வெட்டுவது

8192 பிக்சல் படத்தை அப்படியே பக்கத்தில் போட்டால் போனில் திறப்பதற்குள் பார்க்க வந்தவர் கிளம்பிவிடுவார். அதனால்தான் 256-க்கு 256 பிக்சல் துண்டுகளாக வெட்டி, பார்க்கிற பகுதியை மட்டும் அனுப்புகிறோம். பூஜ்ய நிலையில் மொத்த நிலாவும் இரண்டு டைல். ஒவ்வொரு நிலைக்கும் இருபுறமும் இரட்டிப்பாகும். நான்காம் நிலையில் 32-க்கு 16, அதாவது 512 டைல். அகலம் சரியாக 8192 பிக்சல். அந்த அளவுக் கோப்பை எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்: எதையும் இழுக்கவோ சுருக்கவோ வேண்டாம். ஐந்து நிலைகளும் சேர்த்து 682 சிறு கோப்புகள். 100 மீட்டர் மொசைக்கை இதேபோல் வெட்டினால் எட்டாம் நிலை வரை போய் 174762 கோப்புகள் வரும். வித்தியாசம் புரிகிறதா?

வெட்டுவதற்கு ஜிடாலோடு வரும் டைல் கருவி இருக்கிறது. அதற்கு மூன்று விஷயம் சொல்ல வேண்டும். வகை 'ஜியோடெடிக்', அதாவது பாகைக் கணக்கில் வெட்டுவது. 'டிஎம்எஸ் கம்பாட்டிபிள்' என்ற தேர்வு கட்டாயம்; இல்லாவிட்டால் பூஜ்ய நிலையில் இரண்டுக்குப் பதில் ஒரே டைலாக வெட்டிவிடும், லீஃப்லெட்டோடு பொருந்தாது. நிலைகள் 0 முதல் 4.

இன்னொரு சங்கடம். ஆய முறை என்பது ஆயத்தொலைவை எந்தக் கோளத்தில் எப்படி எண்ணுவது என்ற குறிப்பு. நிலாவின் ஆய முறை பதிக்கப்பட்ட கோப்பைக் கொடுத்தால், 'மூலமும் இலக்கும் ஒரே வான்பொருள் அல்ல' என்ற பொருளில் பிழை காட்டி நின்றுவிடும். இந்தக் கருவி பூமிக்காக எழுதப்பட்டது. மூன் கிட் கோப்பில் ஆய முறையே பதியவில்லை என்பதால், முகவரி கொடுக்கும்போதே பூமியின் பாகை ஆய முறையைக் குறிக்கும் இபிஎஸ்ஜி 4326 எண்ணைப் போட்டுவிட்டால் வேலை நடக்கும். டைல் வெட்டுவதற்குப் பாகைக் கணக்கு மட்டும்தான் தேவை, அதனால் இதில் பிழை வராது. ஆனால் இப்படிச் செய்ததை மறக்கக் கூடாது. அடுத்த படியில் இதைத் திருத்தியாக வேண்டும்.

லீஃப்லெட்டில் நிலாவின் ஆரத்தைச் சொல்லுங்கள்

லீஃப்லெட் பக்கம் எழுதுவது இருபது வரிக்குள் முடியும் வேலை. ஆய முறை 4326 என்று சொல்லி, டைல் அடைவைக் காட்டி, 'டிஎம்எஸ்' தேர்வை இயக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான்: ஒவ்வொரு துண்டும் நேராக இருக்கும், ஆனால் வரிசைகள் தலைகீழாக அடுக்கப்பட்டிருக்கும். தென் துருவ வரிசை மேலே வந்து உட்காரும். டைல் கருவி வரிசையைக் கீழிருந்து எண்ணியிருக்கிறது, லீஃப்லெட் மேலிருந்து எண்ணுகிறது, அவ்வளவுதான். கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி வெட்ட வேண்டாம்.

அப்புறம் அளவுகோல். லீஃப்லெட் தூரம் கணக்கிடும்போது ஆரம் 6371 கி.மீ. என்று எடுத்துக்கொள்கிறது, அது பூமி. நிலாவின் ஆரம் 1737.4 கி.மீ. மாற்றாமல் விட்டால் எல்லாத் தூரமும் 3.67 மடங்கு பெருகும். 85 கி.மீ. விட்டமுள்ள டைக்கோ பள்ளம் உங்கள் வரைபடத்தில் 312 கி.மீ. ஆகிவிடும். பார்க்க அழகான வரைபடம், ஓரத்தில் நம்பகமாகத் தெரியும் ஓர் அளவுகோல், அதில் தவறான எண். ஒரு பள்ளி மாணவி அதை நம்பித் தன் கட்டுரையில் எழுதுவாள். பெயரே போடாத வரைபடத்தைக்கூட நான் மன்னிப்பேன், இதை மன்னிக்க மாட்டேன். லீஃப்லெட்டின் 4326 ஆய முறையை நகலெடுத்து, அதில் ஆரத்தை மட்டும் 1737400 மீட்டர் என்று மாற்றி, வரைபடத்துக்கு அந்த நகலைக் கொடுங்கள். ஒரே வரி. மாற்றியதும் டைக்கோவுக்குப் பக்கத்தில் போய், அளவுகோலை வைத்துச் சரிபாருங்கள்.

அங்கே போனதும் டைக்கோ வட்டமாக இல்லாமல் பக்கவாட்டில் நீண்டு தெரியும். அது 43 பாகை தெற்கில் இருக்கிறது; இந்த வகை வரைபடத்தில் அந்த அட்சரேகையில் கிழக்கு மேற்கு 1.37 மடங்கு இழுபடும். சந்திரயான்-3 இறங்கிய 69.37 பாகை தெற்கில் 2.8 மடங்கு. வரைபடத்தின் கீழே ஒரு வரியில் இதைச் சொல்லிவிடுங்கள்.

சரி, கூகுள் வரைபடம் பயன்படுத்தும் வெப் மெர்க்கேட்டரில் பள்ளங்கள் வட்டமாகத் தெரியுமே, அதையே போட்டால் என்ன? வட்டமாகத் தெரியும், உண்மை. ஆனால் அது 85 பாகைக்கு மேல் வெட்டிவிடும். இன்றைக்கு எல்லா நாடுகளும் கண் வைத்திருக்கும் தென் துருவமும், அதை ஒட்டியுள்ள ஷேக்கிள்டன் பள்ளமும் அந்த வெட்டில் போய்விடும். நிலாவுக்கு அது சரிப்படாது. துருவம்தான் உங்கள் ஆர்வம் என்றால், துருவ ஸ்டீரியோகிராஃபிக் வீழலில் (வீழல் என்பது உருண்டையைத் தட்டையாக்கும் முறை) தனி வரைபடம் செய்யுங்கள். இரண்டையும் ஒரே வரைபடத்தில் திணிக்க வேண்டாம்.

மேடு, பள்ளம், வெளிச்சம்

மூன் கிட் வண்ணப் படம் பௌர்ணமி நிலா போல இருக்கும்: நிழலே கிடையாது. எங்கே கருமை, எங்கே வெண்மை என்று தெரியும். எது மேடு, எது பள்ளம் என்று தெரியாது. அதற்கு லோலா லேசர் உயரமானி தந்த உயரத் தரவு அதே தொகுப்பில் இருக்கிறது. அதிலிருந்து நிழலோவியம் செய்து வண்ணப் படத்தின் மேல் மெல்லிதாகப் படரவிட்டால், பள்ளங்கள் எழுந்து நிற்கும்.

இங்கேயும் பூமியின் எண் ஒன்று ஒளிந்திருக்கிறது. நிழல் கணக்கிடும் கருவிக்கு, ஒரு பாகை எத்தனை மீட்டர் என்று சொல்ல வேண்டும். கையேடுகளில் காணும் 111120 பூமிக்கு உரியது. நிலாவில் ஒரு பாகை 30323 மீட்டர். மூன் கிட்டின் தசம எண் கோப்புகளில் உயரம் கிலோமீட்டரில் இருப்பதால் 30.323 என்று கொடுக்க வேண்டும். 111120-ஐ அப்படியே போட்டால் நிலா வழித்துவிட்ட தரைபோலச் சப்பையாக வரும்.

வெளிச்சம் வடமேற்கிலிருந்து விழுவதாக வையுங்கள். கருவியின் இயல்புநிலையும் அதுதான். ஒளி மேலிருந்து வருகிறது என்று நம் கண் எடுத்துக்கொள்வதால், கீழ்ப்பக்கத்திலிருந்து ஒளி விழும் படத்தில் பள்ளமெல்லாம் குமிழாகத் தெரியும். உண்மையான விண்கலப் படங்களில் ஒளியை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. அதனால் படக் குறிப்பில் சூரியன் எந்தப் பக்கம், எவ்வளவு உயரத்தில் என்று எழுதுங்கள். விக்ரமைத் தேடிய முதல் மொசைக்கில் சூரியன் அடிவானத்துக்கு மேல் 6 பாகை மட்டுமே. தரையில் பல இடங்கள் நிழலில் மூழ்கியிருந்தன. நவம்பரில் சூரியன் 18 பாகைக்கு ஏறியிருந்தபோது எடுத்த படங்களில்தான், பிக்சலும் 0.7 மீட்டராகக் கூர்மையடைந்து, மோதிய தடம் தெளிவாகத் தெரிந்தது. இந்தத் தகவல் இல்லாமல் இரண்டு படங்களையும் ஒப்பிடுபவர், நிழல் மாறியதைத் தரை மாறியதாக எண்ணிவிடுவார்.

பார்க்க முடியாதவருக்கும் படிக்கக் கிடைக்க வேண்டும்

பலரும் விட்டுவிடும் பகுதி இது. எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இதுதான்.

2022 ஜூலையில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதல் படங்கள் வெளிவந்தபோது, ஒவ்வொன்றோடும் விரிவான மாற்று உரை, அதாவது படத்தில் இருப்பதை விவரிக்கும் எழுத்து, இருந்தது. பார்வையற்றவர்களின் திரை வாசிப்பான் அதை உரக்கப் படிக்கும். நம் தமிழ்ப் பக்கங்களில் பெரும்பாலும் இந்த இடம் காலியாக இருக்கும், அல்லது 'நிலா படம்' என்று இருக்கும். அதைக் கேட்பவருக்கு என்ன கிடைக்கும்? இப்படி எழுதிப் பாருங்கள்:

'நிலாவின் பூமியை நோக்கிய பக்கம். வடமேற்கில் அகன்ற கருஞ்சமவெளி பரவிக் கிடக்கிறது. தெற்கு வெளிர்நிறம், பள்ளங்கள் நெருங்கியது. தெற்கே டைக்கோ பள்ளத்திலிருந்து வெண்கீற்றுகள் எல்லாப் பக்கமும் ஓடுகின்றன. சில 1500 கி.மீ. வரை நீள்கின்றன.'

முதலில் மொத்தக் காட்சி, பிறகு எங்கே என்ன, பிறகு கண்ணை இழுக்கும் ஒன்று. அவ்வளவு போதும். 'அழகான', 'பிரமிப்பூட்டும்' எல்லாம் வேண்டாம். காட்சியைச் சொன்னால் பிரமிப்பு தானாக வரும்.

ஆனால் நகர்த்திப் பார்க்கும் வரைபடத்துக்கு ஒரு மாற்று உரை பற்றாது. அதற்கு வரைபடத்தின் அருகிலேயே இடங்களின் பட்டியல் ஒன்றைச் சாதாரண எழுத்தாக வையுங்கள். பெயர், ஆயத்தொலைவு, விட்டம், ஒரு வரி விளக்கம். பெயரைச் சொடுக்கினால் வரைபடம் அங்கே போக வேண்டும். முதல் பட்டியலுக்கு என் தேர்வு: அப்பல்லோ 11 இறங்கிய இடம் (0.67 வடக்கு, 23.47 கிழக்கு), சந்திரயான்-3 இறங்கிய சிவசக்தி (69.37 தெற்கு, 32.32 கிழக்கு), டைக்கோ, அரிஸ்டார்கஸ், ராமன், விக்ரம் சாராபாய் பெயரிலுள்ள சாராபாய் பள்ளம். பெயர்களையும் எண்களையும் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் பராமரிக்கும் கோள்களின் பெயர்த் தொகுப்பிலிருந்து எடுங்கள். வானியல் ஒன்றியம் ஏற்ற பெயர்கள் அங்கேதான் பதிவாகின்றன. சிவசக்தியும் 2024 மார்ச்சில் அதில் ஏறிவிட்டது. இந்தப் பட்டியல் திரை வாசிப்பானுக்கு மட்டும் பயன்படும் என்று நினைக்காதீர்கள். சிக்னல் கிடைக்காத ஊரில் டைல் வராமல் சாம்பல் கட்டமாகக் கிடக்கும்போதும் இந்த எழுத்து வந்துவிடும். 'ராமன் பள்ளம்' என்று தமிழில் தேடுபவருக்கும் உங்கள் பக்கம் அகப்படும்.

சுட்டியைப் பிடிக்க முடியாதவர்களுக்கு விசைப்பலகை. லீஃப்லெட்டில் அம்புக்குறி விசைகளால் நகரலாம், கூட்டல் கழித்தல் விசைகளால் பெரிதாக்கிச் சிறிதாக்கலாம். இது இயல்பாகவே வேலை செய்கிறது. அழகுக்காக எதையோ சேர்த்து இதைக் கெடுக்காமல் இருந்தாலே போதும்.

செவ்வாய்க்குப் போகிறவர்களுக்கு

வேலை அதேதான். மாறுவது எண்கள். ஆரம் நிலநடுக்கோட்டில் 3396.19 கி.மீ. தீர்க்கரேகையைப் பழைய செவ்வாய் வரைபடங்கள் மேற்கு நோக்கி எண்ணும், இன்றையவை கிழக்கு நோக்கி. ஒலிம்பஸ் மலை ஒன்றில் 134 மேற்கு, இன்னொன்றில் 226 கிழக்கு. இரண்டும் ஒரே இடம். செவ்வாயின் உயர வரைபடத்தில் வழக்கமாகப் பூசும் வானவில் நிறத்தைத் தவிர்க்கச் சொல்வேன். தாழ்நிலம் நீலமாக இருப்பதால் பார்ப்பவர்கள் அதைக் கடல் என்று நம்புகிறார்கள். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கு மலையும் சமவெளியும் ஒன்றாகக் குழம்புகிறது. இருளிலிருந்து வெளிச்சத்துக்கு ஒரே சீராக ஏறும் நிறவரிசை போடுங்கள்.

வெப் தொலைநோக்கிப் படம் போல ஆயத்தொலைவு தேவையில்லாத பெரிய படத்துக்கு லீஃப்லெட் வேண்டாம். ஓபன்சீட்ராகன் என்ற சிறு நிரல் போதும்; விப்ஸ் கருவி அதற்கான துண்டுகளை ஒரே கட்டளையில் வெட்டித் தரும்.

நன்றியும் வெளியீடும்

நாசா படங்களைப் பெரும்பாலும் அனுமதி கேட்காமலே பயன்படுத்தலாம், மூலத்தைச் சொல்ல வேண்டும். நாசா சின்னத்தை உங்கள் பக்கத்தில் ஒட்டக் கூடாது. மார்ஸ் எக்ஸ்பிரஸ் போன்ற ஐரோப்பிய விண்வெளி முகமையின் படங்கள் பல கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகின்றன. அவற்றிலிருந்து நீங்கள் செய்வதையும் அதே உரிமத்தில் விட வேண்டும். சந்திரயான்-2 தரவு இஸ்ரோவின் பிரதான் தளத்தில் கிடைக்கும். அதற்குக் கணக்குத் தொடங்க வேண்டும், அங்குள்ள விதிகளைப் படித்தபின் வெளியிடுங்கள். அதன் ஓஎச்ஆர்சி கேமரா 100 கி.மீ. உயரத்திலிருந்து 25 செ.மீ. அளவுக்குப் பார்க்கும்; கைப்பழக்கம் வந்தபின் முயல வேண்டிய தரவு அது.

எல்லாம் முடிந்ததும், 682 டைலும் ஒரு பக்கமும் உள்ள அடைவை கிட்ஹப் பேஜஸ் போன்ற இலவச இடத்தில் ஏற்றுங்கள். சர்வர் நிரல் எதுவும் தேவையில்லை. வரைபடத்துக்குக் கீழே இந்த விவரங்கள் இருக்கட்டும்: மூலப் படம் எது, யார் எடுத்தது, எந்தத் தேதியில் இறக்கியது, வீழல் என்ன, ஆரம் என்ன, ஒரு பிக்சல் எவ்வளவு, வண்ணம் இயற்கையா கூட்டியதா. மூலக் கோப்புக்கு நேரடி இணைப்பும் கொடுங்கள். படத்தின் குறுக்கே உங்கள் பெயரை வாட்டர்மார்க் அடிக்காதீர்கள். அந்த எழுத்துக்குக் கீழேதான் யாரோ ஒருவர் தேடும் பிக்சல் இருக்கும்.

வெளியிடுமுன் மூன்று பேரிடம் கொடுத்துப் பாருங்கள். பழைய ஆண்ட்ராய்டு போனில் மொபைல் டேட்டாவில் திறப்பவர் ஒருவர். திரை வாசிப்பான் பயன்படுத்துபவர் ஒருவர். நிலாவைப் பற்றி எதுவும் தெரியாதவர் ஒருவர். மூன்றாமவரிடம் 'சிவசக்தி எங்கே இருக்கிறது, டைக்கோ எவ்வளவு பெரியது' என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் சுட்டியைத் தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே ஒரு வரி சேர்த்துவிட்டு, வெளியிடுங்கள்.